பக்கத்து மாநிலத்தில் கரன்ட் விலை எகிறினால் நமக்கென்ன? ஆஸ்திரேலிய மின்சந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொத்தச் சந்தையில் மின்சாரம் மாதிரி விலை துள்ளும் சரக்கு வேறு இல்லை. காலையில் மைனஸில் கிடக்கும் (அதாவது மின்சாரத்தை எடுத்துக்கொள்ள விற்பவரே பணம் தருவார்), மாலை ஆறு மணிக்கு நூறு மடங்காகும், இரவு ஒன்பதுக்கு ஒன்றும் நடக்காததுபோல் இறங்கிவிடும். ஒரு மாநிலத்தில் தொடங்கும் இந்தத் துள்ளல் அடுத்த மாநிலத்துக்கு எப்படித் தொற்றுகிறது என்பதுதான் இந்தப் பக்கத்தின் விஷயம்.

"விலைக் கொந்தளிப்பு பரவுகிறது" என்றால் என்ன? விலை ஏறுவதைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை, இரண்டும் வேறு. யூனிட் பத்து சென்ட்டிலிருந்து பதினைந்தாக ஏறி அங்கேயே நின்றால் அது விலையேற்றம். பத்து, நாற்பது, மைனஸ் ஐந்து, ஆயிரத்து ஐந்நூறு, மறுபடி பத்து என்று அலைந்தால் அது கொந்தளிப்பு. இரண்டாவது வகையில் மாதச் சராசரி சாதாரணமாகவே தெரியலாம். ஆனால் அந்த ஒரு அரைமணி நேரத்தில் வாங்கியே ஆகவேண்டியவன் கதை முடிந்துவிடும். ஓர் இடத்தின் இந்த அலைச்சலைப் பார்த்து பக்கத்து இடத்தின் அலைச்சலை ஓரளவு சொல்லிவிட முடிந்தால், அதைப் பரவல் என்கிறோம்.

ஏன் ஆஸ்திரேலியா?

இதைப் படிக்க அதைவிட வசதியான இடம் கிடைக்காது. அங்குள்ள தேசிய மின்சந்தை 1998 டிசம்பர் 13 அன்று தொடங்கியது. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா என்று ஐந்து பகுதிகள். டாஸ்மேனியா மட்டும் 2005இல் சேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவும் வடக்குப் பிரதேசமும் இதில் கிடையாது, நடுவில் பாலைவனம்.

பகுதிகளை இணைக்கும் லைன்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, அவை மெலிந்தவையும்கூட. ஊர் நடுவே ஒரே ஒரு ஒற்றையடிப் பாலம் இருந்தால் யார் எப்போது எந்தப் பக்கம் போனார் என்று எளிதாகத் தெரியும் இல்லையா, அப்படி. ஐரோப்பாவில் கம்பிகள் பின்னிக் கிடப்பதால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பதே பெரும்பாடு. அப்புறம், ஆஸ்திரேலியாவில் விலைக்கு விடப்பட்டிருக்கும் இடமும் அதிகம். 2025-26க்கான உச்சவரம்பு ஒரு மெகாவாட் மணிக்கு 20,300 டாலர், அதாவது யூனிட் 20 டாலர் 30 சென்ட். கீழ்வரம்பு மைனஸ் 1,000 டாலர்.

ஒரே சந்தை என்கிறீர்கள். அப்புறம் எப்படி ஐந்து விலை?

ஏமோ என்று எல்லாரும் சுருக்கி அழைக்கும் ஆஸ்திரேலிய எரிசக்திச் சந்தை இயக்க நிறுவனம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா மின்நிலையங்களின் விலைப்புள்ளிகளையும் மலிவானது முதலில் என்ற வரிசையில் அடுக்குகிறது. தேவை எங்கே பூர்த்தியாகிறதோ அங்கே நிற்கும் கடைசி நிலையத்தின் விலைதான் எல்லாருக்கும் விலை. இந்தக் கணக்கு ஐந்து மாநிலத்துக்கும் சேர்த்தே ஒன்றாக நடக்கிறது. ஆனால் விலை மட்டும் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுதப்படுகிறது: நியூ சவுத் வேல்ஸுக்குச் சிட்னி வெஸ்ட் துணைமின்நிலையம், விக்டோரியாவுக்குத் தாமஸ்டவுன், தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு டாரன்ஸ் தீவு.

லைன்களில் இடமிருந்தால் இந்த விலைகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். கம்பியில் வீணாகும் மின்சாரத்துக்கான சில டாலர் வித்தியாசம்தான். லைன் நிரம்பினால் விலைகள் பிரிந்துவிடும்.

கம்பி வழியாக விலை எப்படிப் போகிறது? ஒரு கணக்கோடு சொல்லுங்களேன்.

சரி, எண்கள் என் கற்பனை, வேலை செய்யும் விதம் நிஜம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாலைத் தேவை 2,000 மெகாவாட் என்று வைப்போம். காற்றாலை 600 தருகிறது. உள்ளூர் எரிவாயு நிலையங்கள் 70 டாலருக்கு 900 தருகின்றன. மீதி 500 விக்டோரியாவிலிருந்து ஹேவுட் லைனில் 90 டாலருக்கு வருகிறது. லைனின் கொள்ளளவு 600, ஆக இன்னும் 100 இடம் இருக்கிறது. இரண்டு மாநிலத்திலும் விலை சுமார் 90.

இப்போது விக்டோரியாவில் ஒரு நிலக்கரி யூனிட் நின்றுவிட்டது. அங்கே விலை 300 ஆகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் எதுவுமே மாறவில்லை. அதே காற்று, அதே தேவை. ஆனாலும் அங்கேயும் விலை 300. கடைசி யூனிட்டை அங்கிருந்துதானே வாங்குகிறார்கள். இதுதான் பரவலின் முதல் வழி, இது முழுக்க முழுக்கக் கணக்கு. யாருடைய பேராசையும் தேவையில்லை.

அதே மாலை, விக்டோரியா நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் காற்று 600இலிருந்து 400க்கு விழுந்தது என்று வையுங்கள். இப்போது வெளியிலிருந்து 700 வேண்டும். லைனில் 600தான் வரும். மிச்சம் 100 மெகாவாட்டுக்கு மூலையில் கிடக்கும் டீசல் மெஷினைத் தட்டி எழுப்ப வேண்டும், அவர் கேட்பது 14,000 டாலர். தெற்கு ஆஸ்திரேலியாவில் விலை 14,000, விக்டோரியாவில் அதே 90. காற்றில் குறைந்தது 200 மெகாவாட், விலையில் ஏறியது நூற்றைம்பது மடங்கு.

நான் இந்தத் துறையில் புதிதாக வருபவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: லைன் காலியா, நிரம்பிவிட்டதா? காலியாக இருக்கும் லைன் கொந்தளிப்பைப் பங்குபோடுகிறது. நிரம்பிய லைன் அதை ஒரே வீட்டுக்குள் அடைத்துவைத்து இன்னும் கொதிக்கவிடுகிறது.

லைன் நிரம்பி விலை பிரிந்தால் அந்த வித்தியாசப் பணம் யாருக்கு?

மேலே உள்ள உதாரணத்தையே எடுப்போம், புள்ளிவிவரத்தைக் கொஞ்சம் உருட்டி. விக்டோரியாவில் 80 டாலருக்கு வாங்கிய சரக்கு எல்லை தாண்டி 10,000 டாலருக்கு விற்கிறது. 600 மெகாவாட் ஓடினால் ஐந்தே நிமிடத்தில் 4,96,000 டாலர் நடுவில் தேங்கும். ஒரு மணி நேரம் நீடித்தால் கிட்டத்தட்ட அறுபது லட்சம். இதை லைன் முதலாளி எடுத்துக்கொள்வதில்லை. இந்தத் தேங்கிய பணத்தின் மீதான உரிமையை முன்கூட்டியே மூன்று மாதக் கணக்கில் ஏலம் விடுகிறார்கள். விக்டோரியாவில் மின்சாரம் வாங்கி தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விற்கும் வியாபாரிகள் இதை ஒருவகைக் காப்பீடாக வாங்கிவைப்பார்கள். லைன் பழுதாகிப் பாதிதான் ஓடினால் காப்பீடும் பாதிதான் கிடைக்கும், அதுவும் சரியாகத் தேவைப்படும் நாளில். ஓட்டைக் குடைதான், வேறென்ன சொல்ல.

லைனே அறுந்துபோனால்?

டாஸ்மேனியாவைப் பாருங்கள். அதை விக்டோரியாவோடு இணைத்து பாஸ் நீரிணைக்கு அடியில் போகும் பாஸ்லிங்க் கேபிள் 2015 டிசம்பர் 20 அன்று பழுதானது. திரும்ப வந்தது 2016 ஜூன் மாதம். அந்தத் தீவு பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் ஓடுவது. அதே சமயம் வறட்சி, அணைகள் வற்றிக்கிடந்தன. கடைசியில் டீசல் ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். விக்டோரியாவின் கொந்தளிப்பு அந்த ஆறு மாதம் டாஸ்மேனியாவைத் தொடவே இல்லை என்பது உண்மை. அதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை என்பதும் உண்மை.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன, காற்றாலைகள் சில நொடிகளில் வரிசையாக உற்பத்தியைக் குறைத்தன, அந்தப் பாரம் முழுக்க ஹேவுட் லைன் மேல் விழுந்து அதுவும் துண்டித்துக்கொண்டது. மாநிலம் முழுக்க இருட்டு, சுமார் 8,50,000 இணைப்புகள். அக்டோபர் 11 வரை அங்கே சந்தையே நிறுத்திவைக்கப்பட்டது.

கம்பி இல்லாமலும் பரவுமா?

பரவும். சொல்லப்போனால் பெரிய அலைகள் அப்படித்தான் வருகின்றன. சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் ஒன்றோடொன்று இணைந்த எரிவாயுக் குழாய்கள், ஒரே நிலக்கரி ஏற்றுமதி விலை. மெல்பர்னையும் அடிலெய்டையும் ஒரே வெப்ப அலை தாக்கும், பொதுவாக அடிலெய்டுக்கு ஒருநாள் முந்தி. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஏசி ஓடினால் விலை சேர்ந்து எகிறும். கம்பியில் ஒரு மெகாவாட்கூடப் போகாமலே.

மெதுவாக வரும் வகையும் உண்டு. விக்டோரியாவின் ஹேசல்வுட் பழுப்பு நிலக்கரி நிலையம், 1,600 மெகாவாட், 2017 மார்ச் மாதம் மூடப்பட்டது. மூடுவோம் என்று சொன்னது 2016 நவம்பரில், ஐந்து மாத அவகாசம் மட்டும். பழுப்பு நிலக்கரி அடிமாட்டு விலைக்கு ஓடும். அந்த ஓட்டையை நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்தின் விலை கூடிய கறுப்பு நிலக்கரியும் எரிவாயுவும் அடைத்தன. அதுவரை மலிவு மின்சாரத்தை ஏற்றுமதி செய்துவந்த ஒரு மாநிலம் கைவிரித்ததும் எல்லா மாநில விலைகளும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தன. இருப்பு குறைந்ததால் சின்ன பழுதுக்கும் விலை அதிகமாக ஆட ஆரம்பித்தது.

2022 ஜூனில் நடந்தது என்ன? சந்தையே நின்றுபோனதாமே.

அது ஒரு பாடப்புத்தகம். ஆனால் எழுதியவர்கள் யாரும் அதை எழுத நினைக்கவில்லை.

உக்ரைன் போரால் நிலக்கரி, எரிவாயு விலைகள் உலகம் முழுக்க ஏறியிருந்தன. நிலக்கரி யூனிட்கள் பல பழுதாகவும் பராமரிப்பிலும் நின்றிருந்தன. குளிர் முன்கூட்டியே வந்தது. இதெல்லாம் பின்னணி. உண்மையான கதை ஒரு விதியில் இருக்கிறது.

ஆஸ்திரேலியச் சந்தையில் உச்சவரம்பு தவிர இன்னொரு பூட்டும் உண்டு. ஒரு பகுதியின் ஏழு நாள் விலைகளைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். ஏழு நாளுக்கு 2,016 ஐந்து நிமிடங்கள். கூட்டுத்தொகை அப்போது 13,59,100 டாலரைத் தாண்டினால், அதாவது சராசரி 674 டாலரைத் தாண்டினால், விலை 300 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று பூட்டு விழும். ஜூன் 12, ஞாயிறு மாலை குயின்ஸ்லாந்தில் பூட்டு விழுந்தது. மறுநாளே நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா மூன்றிலும்.

இப்போது ஒரு எரிவாயு நிலைய முதலாளியின் நாற்காலியில் உட்காருங்கள். விக்டோரியாவில் எரிவாயுவுக்கே ஒரு கிகாஜூலுக்கு (எரிபொருளின் ஆற்றலை அளக்கும் அலகு) 40 டாலர் என்று உச்சவரம்பு போட்டிருந்தார்கள். சாதாரண ஒற்றைச் சுழற்சி டர்பைனுக்கு ஒரு மெகாவாட் மணி தயாரிக்க 10 முதல் 12 கிகாஜூல் வேண்டும். எரிபொருள் செலவு மட்டும் 400 முதல் 480 டாலர். விற்பனை விலை 300. நீங்கள் என்ன செய்வீர்கள்? சந்தையிலிருந்து மெஷினை விலக்கிக்கொள்வீர்கள். அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

இங்கே கவனியுங்கள், பூட்டுக்கும் பரவும் குணம் உண்டு. பூட்டிய பகுதிக்கு மின்சாரம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தால், ஏற்றுமதி செய்யும் பகுதியின் விலையையும் அதற்கேற்ப இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று விதி. ஆக ஒரு மாநிலத்தின் 300, எல்லை தாண்டியும் 300 ஆனது. நிலையங்கள் வரிசையாக விலக, ஏமோ ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு "ஓட்டு" என்று உத்தரவு போட்டது. உத்தரவின்படி ஓட்டினால் நஷ்டஈடு உண்டு. தானாக முன்வந்து ஓட்டினால் சந்தையில் கிடைப்பது 300தான். அப்புறம் யார் தானாக வருவார்கள்? கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் கையால் ஒரு தேசத்தின் மின்சாரத்தை ஓட்டும் நிலை. ஜூன் 15 அன்று ஐந்து பகுதிகளிலும் சந்தையை நிறுத்திவைத்தார்கள், அது தொடங்கிய பிறகு முதல்முறையாக. 24 அன்றுதான் முழுமையாகத் திறந்தது.

விலை மேலே போகாமல் தடுத்த சுவர், தட்டுப்பாட்டை நாலு மாநிலத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுவரே தப்பு என்று நான் சொல்லவில்லை. எரிபொருள் விலை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் வருஷக்கணக்கில் 300 என்றே விட்டுவைத்ததுதான் தப்பு. அந்த டிசம்பரில் அதை 600 ஆக்கினார்கள்.

வேறு விதிகளும் இப்படிச் செய்திருக்கின்றனவா?

ஒன்று இருந்தது, இப்போது போய்விட்டது. 2021 அக்டோபர் 1 வரை விலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முடிவானாலும் பணம் அரைமணிச் சராசரியில்தான் பட்டுவாடா ஆனது. முதல் ஐந்து நிமிடம் விலை 14,000க்குப் போனால் சராசரி எப்படியும் 1,500க்குக் குறையாது என்று எல்லாருக்கும் தெரியும். உடனே மீதி 25 நிமிடமும் எல்லா நிலையமும் "என்னை ஓடவிடு" என்று மைனஸ் 1,000க்கு விலை போட்டு முண்டியடிக்கும். அந்த நெரிசலில் சில சமயம் மின்சாரம் விலை கூடிய பகுதியிலிருந்து குறைந்த பகுதிக்குத் தலைகீழாக ஓடும். குயின்ஸ்லாந்தில் தொடங்கிய ஒரு ஐந்து நிமிடச் சமாச்சாரம் நியூ சவுத் வேல்ஸின் அரைமணியையே கலக்கிவிடும்.

மைனஸ் விலையும் பரவுமா?

தாராளமாக. தெற்கு ஆஸ்திரேலியாவில் வெயில் அடிக்கும் வசந்தகால ஞாயிறு நண்பகலில் கூரை சோலார் பொழிந்து தள்ளும், வாங்க ஆளிருக்காது. உபரி விக்டோரியாவுக்குப் பாயும், அங்கும் விலையை அமுக்கும். லைன் நிரம்பியதும் மிச்சம் உள்ளேயே தேங்கி விலை இன்னும் கீழே போகும். மாலைக் கதைதான், தலைகீழாக.

ஆய்வாளர்கள் இதை எப்படி அளக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு குடும்பம். ஒன்று கார்ச் வகை மாதிரிகள்: நேற்று அங்கே ஏற்பட்ட அதிர்ச்சி இன்று இங்கே அலைச்சலை எவ்வளவு கூட்டுகிறது என்று பார்ப்பவை. மற்றொன்று டைபோல்ட்-யில்மாஸ் முறை: ஒரு பகுதியின் விலையைக் கணிக்கும்போது வரும் பிழையில் எத்தனை சதவீதம் மற்ற பகுதிகளின் அதிர்ச்சியால் வந்தது என்று பங்கு பிரிப்பது. நேரடி லைன் உள்ள அண்டைப் பகுதிகளுக்குள் தொடர்பு வலுவாகவும், தூரத்துப் பகுதிகளுக்குள் மெலிதாகவும் இருப்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் முடிவு.

எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. பங்குச்சந்தை ஆட்கள் பழக்கத்தில் விலையின் லாகரிதம் எடுப்பார்கள். மைனஸ் 40 டாலருக்கு லாகரிதம் எங்கே எடுப்பது? எனவே மைனஸ் நேரங்களைத் தூக்கி எறிவார்கள், அல்லது தினச் சராசரி எடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் நடக்கும் சண்டையைத் தினச் சராசரியில் தேடினால் ரத்தக்கறைகூடத் தெரியாது. அதோடு, கிடைக்கும் சதவீதத்தில் எவ்வளவு கம்பி, எவ்வளவு பொது வெயில் என்று எண் தானாகச் சொல்லாது. அந்த நேரத்தில் லைன் நிரம்பியிருந்ததா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்காத ஆய்வை நான் பாதிதான் நம்புவேன்.

அப்படியானால் புது லைன்கள் போடுவது ஆபத்தா?

நார்வேக்காரர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். 2024 டிசம்பர் 12 மாலை ஜெர்மனியில் காற்றே அசையவில்லை, விலை மெகாவாட் மணிக்கு 936 யூரோ வரை போனது. கடலடிக் கேபிள்கள் வழியாக அது தெற்கு நார்வேயின் விலையையும் தூக்கிவிட்டது. தெற்கு ஸ்வீடனும் தப்பவில்லை. அணை நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறோம், நாங்கள் ஏன் ஜெர்மன் விலை கொடுக்க வேண்டும் என்று அங்கே பெரிய அரசியலே நடந்தது.

ஆனால் வறண்ட வருஷத்தில் அதே கேபிளில் மின்சாரம் திரும்பி வரும். டாஸ்மேனியாவுக்குக் கேபிள் இல்லாத ஆறு மாதம் எப்படிப் போனது என்று பார்த்தோமே. லைன் போட்டால் உச்சங்கள் தணியும், அவ்வப்போது அடுத்தவன் சுரம் நமக்கும் வரும். மொத்தத்தில் லாபம்தான். அந்த லாபம் இரு பக்கத்துக்கும் சமமாகப் போவதில்லை என்பதுதான் சண்டைக்குக் காரணம்.

இந்தியாவில்?

தென்னகத் தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக மற்ற தொகுப்புகளோடு ஒத்திசைவாக இணைந்தது. அதற்கு முன்பு சில நேர்மின்னோட்ட இணைப்புகள் மட்டும். மின்சாரம் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில், லைன் போதாதபோது பகுதிகள் தனித்தனி விலையாகப் பிரிக்கப்படும். தமிழகம் உள்ளிட்ட தென்பகுதிகள் வடக்கைவிட அதிக விலை கொடுத்த வருஷங்கள் அவை. நம்மூர் மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பாருங்கள், வடக்கே மலிவாக மின்சாரம் கிடந்தாலும் கொண்டுவர வழியில்லை. அப்புறம் லைன்கள் வந்தன, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டப் பாதை உட்பட.

பிறகு 2022 மார்ச் வந்தது. வெப்பமும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்து நாடு முழுக்க விலை யூனிட் 20 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 1 அன்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது.

இதெல்லாம் வீட்டு பில்லில் தெரியுமா?

அன்றைக்கே தெரியாது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலையான கட்டணம்தான். நடுவில் நிற்கும் சில்லறை விற்பனை நிறுவனம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு அடியைத் தாங்கும். தாங்க முடியாத சிறிய நிறுவனங்கள் 2022இல் தங்கள் வாடிக்கையாளர்களுக்கே "தயவுசெய்து வேறு கம்பெனிக்குப் போய்விடுங்கள், நாங்கள் கட்டணத்தை இரட்டிப்பாக்கப்போகிறோம்" என்று எழுதின. தாங்கியவை அடுத்த வருஷ ஒப்பந்தத்தைக் கூடுதல் விலைக்குப் போட்டன. நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்கு குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா மூன்றுக்கும் பொருந்தும் அடிப்படைக் கட்டணம் 2023 ஜூலையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் ஏறியது. ஒரு ஜூன் மாதக் கலவரம் பில்லுக்கு வந்துசேர ஒரு வருஷம் எடுத்தது.